கூலி பேசாத வேலை

மாசம் ஆயிரம் பிராங்க். ஆறு மாசம். இடம் ஜெனீவா. தங்குமிடம், சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட் எல்லாம் என் பொறுப்பு. ஒரு மனித உரிமை அமைப்பிலிருந்து எனக்கு வந்த கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் இன்டர்ன்ஷிப். தமிழில் பயிற்சிப் பணி என்று சொல்லிக்கொள்ளலாம். பயிற்சியா பணியா என்று கேட்டால், வேலை வாங்கும்போது பணி, சம்பளம் கொடுக்கும்போது பயிற்சி.

கடிதத்தைப் படித்துக் காட்டியதும் தம்பி கேட்டான்: “ஆயிரம் பிராங்க்னா நம்ம காசுல எவ்ளோக்கா?” லட்சத்துக்கு மேல வரும் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் காலனி முழுக்கப் பரவிவிட்டது. லட்ச ரூபாய் சம்பளத்துல சீமைக்குப் போறாளாம். பக்கத்து வீட்டு ஆயா வந்து என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனது. அந்த லட்சம் ஜெனீவாவில் ஒரு அறைக்கும் அரை வயிற்றுக்கும்கூடக் காணாது என்பதை ஆயாவுக்கு எப்படிச் சொல்வது? சொன்னாலும், “ஏன்டி, லட்ச ரூபா காணாதுன்னா அது என்னா ஊரு?” என்றுதான் கேட்கும். கேள்வி சரிதான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திண்டிவனம் பக்கம் ஒரு காலனி. எம்.ஏ. தமிழ். தனியார் பள்ளியில் தமிழாசிரியை, சம்பளம் பதினாலாயிரம். அந்தப் பதினாலாயிரத்தில்தான் வீடு நடக்கிறது, தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான், அப்பாவுக்கு சர்க்கரை மாத்திரை வருகிறது. அம்மா மல்லாட்டை பிடுங்கவும் களையெடுக்கவும் போகிறது, வேலை இருக்கிற நாளில். சனி ஞாயிறுகளில் நான் செய்வது இன்னொரு வேலை. எங்காவது வன்கொடுமை நடந்தால் தோழர்களோடு போய், அடிபட்டவர்கள், எரிந்த வீட்டுக்காரர்கள், முக்கியமாகப் பெண்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொண்டு வருவது. பன்னிரண்டு வருசமாகச் செய்கிறேன். இதற்குச் சம்பளம் இல்லை. பஸ் செலவுக்கு யாராவது கொடுத்தால் உண்டு. அப்படி எழுதிய வாக்குமூலங்கள் சிலவற்றை ஒரு தோழர் இங்கிலீஷில் பெயர்த்து அனுப்பியதைப் பார்த்துத்தான் ஜெனீவாக்காரர்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐ.நா. கமிட்டிகளுக்குப் போகும் அறிக்கைகளில் இந்தச் சாட்சியங்களைச் சேர்க்க வேண்டுமாம். என் இங்கிலீஷ் பி.ஏ. முதல் வருசத்தோடு நின்றுபோன இங்கிலீஷ். அதற்கும் அங்கே பயிற்சி உண்டு என்று எழுதியிருந்தார்கள்.

ஆக, போகலாமா, வேண்டாமா?

இதை என் சொந்தக் கவலையாக இந்தப் பக்கங்களில் கொட்டுவது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் தோழர்களிடம் பேசப்பேச இது என் கவலை மட்டும் இல்லை என்று தெரிந்தது. டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்து மூன்று வாரமாக நடக்கிறது.

ஒரு கட்சி, போ என்கிறது. நம் கதையை நாம் போய்ச் சொல்லாமல் யார் சொல்வது? 2001இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டை அவர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். சாதி எங்கள் உள்நாட்டு விவகாரம், அது இனவெறி ஆகாது என்று இந்திய அரசு அன்று ஒற்றைக் காலில் நின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட தலித்துகள் அங்கே போய்ப் பறையடித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். மாநாட்டின் இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டார்கள், அது வேறு. ஆனால் அடுத்த வருசமே, 2002இல், இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. கமிட்டி, பிறப்பு வழியில் வரும் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தன் 29ஆவது பொதுப் பரிந்துரையில் சொன்னது. அங்கே ஆள் இருந்ததால்தான் இது நடந்தது என்பது இவர்கள் வாதம். ஒத்துக்கொள்கிறேன்.

அந்த டர்பனைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மதராசிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று முன்னூற்றுச் சொச்சம் கூலிகளை இறக்கியது அதே துறைமுகத்தில்தான். கரும்புத் தோட்டத்தில் வேலை, முதல் வருசம் மாசம் பத்து ஷில்லிங். கடல் தாண்டினால் தீட்டு என்று மற்றவர்கள் சாஸ்திரம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பார்ப்பதற்கு சாஸ்திரம் இல்லாத நம் சனம் பஞ்சத்துக்கும் ஆண்டைக்கும் பயந்து கப்பல் ஏறியது. வெளிநாடு, குறைந்த கூலி, ஒப்பந்தம் இதெல்லாம் நமக்குப் புதுசு இல்லை. பேர்தான் புதுசு.

இரண்டாவது கட்சி இங்கிருந்துதான் பிடித்துக்கொள்கிறது. “இது வெட்டி வேலை, தோழர்” என்றார் ஒருவர். “ஊர்ல சாவு விழுந்தா சும்மா போய்ப் பறையடிக்காதேன்னு மேடை போட்டுப் பேசுன நீங்க, வெள்ளைக்காரன் கூப்ட்டா சும்மா போயி வேலை செய்வீங்களா?” எனக்குச் சுருக்கென்றது. பதில் இல்லை. அன்றிரவு தூங்கவில்லை.

வெட்டி என்ற சொல்லை நாம் இன்று லேசாகப் பயன்படுத்துகிறோம். வேலை இல்லாதவனை வெட்டிப்பயல் என்கிறோம். சொல்லின் அடியில் கிடப்பது என்ன? சாவுச் சேதி சொல்ல வெயிலில் எட்டு ஊருக்கு ஓடுவது, குழி வெட்டுவது, செத்த மாட்டை இழுப்பது, தண்டோரா போடுவது, திருவிழாவில் மூன்று நாள் பறையடித்துவிட்டுக் கடைசியில் தெருமுனையில் இலை போடாமல் வாங்கிச் சாப்பிடுவது. இதற்கெல்லாம் கூலி கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்துமேட்டில் ஒரு மரக்கால் நெல் போடுவார்கள். அந்த நெல்லுக்கு அந்தக் காலத்தில் ‘சுதந்திரம்’ என்று பேர். கேலியாக வைத்த பேர் இல்லை, கணக்குப் புத்தகத்திலேயே அதுதான் பேர். 1947க்கு முன்னமே நமக்குச் சுதந்திரம் மரக்காலில் கிடைத்துவிட்டது!

அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவு வெட்டி வேலையைத் தடை செய்கிறது. 1982இல் உச்சநீதிமன்றம், ஏசியாடு விளையாட்டுக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்களின் வழக்கில், ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்தால் அது கட்டாய உழைப்புதான் என்றது. சாட்டையால் அடித்தால்தான் கட்டாயம் என்பதில்லை, பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் தள்ளினாலும் அது கட்டாயமே. இந்தத் தீர்ப்பைச் செங்கல் சூளைப் பெண்களிடம் நானே எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன்.

ஜெனீவாவுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 2020இல் அந்த மாகாண மக்கள் ஓட்டுப் போட்டு, மணிக்கு 23 பிராங்க் குறைந்தபட்சக் கூலி என்று கொண்டுவந்தார்கள். உலகத்திலேயே அதிகமான குறைந்தபட்சக் கூலிகளில் ஒன்று என்று அப்போது பேசப்பட்டது. அன்றைய கணக்கில் எட்டு மணி நேரத்துக்கு 184 பிராங்க். அந்தக் கணக்கில் பார்த்தாலே, அந்த ஊரில் ஆபீஸ் கூட்டுகிற ஒரு அக்காவின் ஐந்தரை நாள் கூலிதான் எனக்கு ஒரு மாசத்துக்கு. படிப்போடு சேர்ந்த பயிற்சிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் உலகத்தின் கூலி நியாயத்தைப் பற்றி அறிக்கை எழுதுகிற ஆள், அந்த அறிக்கை எழுதப்படுகிற ஊரின் கூலிச் சட்டத்துக்கு வெளியே நிற்கலாம்.

ஆக இது வெட்டிதான் என்று முடிவுகட்டி, மறுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நல்ல காட்டமான கடிதம். அப்பாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். அங்கேதான் சிக்கல் வந்தது.

அப்பா பறையடித்தவர். தாத்தாவும் அடித்தவர். மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்ட அதே 1997இல்தான் எங்கள் காலனியில், இனி ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று கூடிப் பேசி முடிவு செய்தார்கள். எனக்கு அப்போது ஆறு வயசு. மறுவாரமே ஊர்த்தெருவில் ஒரு பெரிய சாவு. ஆள் விட்டார்கள். அப்பா போகவில்லை. அன்றைக்கு ராத்திரி எங்கள் காலனிக்கு வரும் வண்டிப்பாதையில் முள் வெட்டிப் போட்டு அடைத்தார்கள். மளிகைக்கடையில் சாமான் இல்லை என்றார்கள். டீ இல்லை. கூலி வேலை இல்லை. நாலு மாசம். தீப்பெட்டி வாங்கக்கூட வரப்பில் நடந்து சுற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போய் பஸ் ஏறி டவுனுக்குப் போன அம்மா, திரும்பி வரும்போது எனக்கு ஒரு பொறை வாங்கி வரும். எனக்கு அந்த நாலு மாசத்தில் ஞாபகம் இருப்பது பொறைதான்.

அப்பா கடிதத்தை முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்:

“ஏம்மா, வெட்டின்னு எழுதியிருக்கிறியே, நீ வேணாம்னு சொன்னா அந்த ஆளுங்க வந்து நம்ம வழிய அடைப்பாங்களா?”

“இல்லப்பா.”

“கடையில சாமான் குடுக்க வேணாம்னு சொல்வாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் எப்படி அது வெட்டி? வேணாம்னு சொல்ல முடியாததுதான் வெட்டி. காசு குடுத்தாலும் வெட்டிதான், குடுக்காட்டியும் வெட்டிதான். இது கொறகூலி. கொறகூலிக்குப் போவலாம், போவாமலும் இருக்கலாம். ரெண்டையும் ஒண்ணுன்னு எழுதாதே.”

நான் எம்.ஏ. அப்பா நாலாவது. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது தோழர்களே. எதைப் பார்த்தாலும் கொத்தடிமை என்போம், நவீன தீண்டாமை என்போம். கோபம் நியாயமானதுதான். ஆனால் முள் வெட்டிப் போட்ட வழியையும், ஏரிக்கரை நகரத்தில் ஒரு மேசை நாற்காலிக்குக் குறைந்த சம்பளம் தருவதையும் ஒரே சொல்லால் சொல்லும்போது யாருக்கு லாபம்? முள் வெட்டிப் போட்டவனுக்குத்தான். அவன் செய்ததும் இவ்வளவுதானே என்று ஆகிவிடுகிறது. உச்சநீதிமன்றம் சொன்னதை வைத்துப் பார்த்தாலும், சூளைப் பெண்ணைத் தள்ளியது பசி. என்னை ஜெனீவாவை நோக்கித் தள்ளுவது பசியா? இல்லை. ஆசை. கற்றுக்கொள்ளும் ஆசை, நாலு பேர் முன்னால் நின்று பேசும் ஆசை, விமானத்தில் ஏறும் ஆசைகூட. ஆசையைக் கட்டாயம் என்று எழுதினால் பொய்.

சரி, வெட்டி இல்லை. அப்படியானால் என்ன? இதை நாலைந்து நாள் யோசித்தேன். கொடுக்காமல் விட்ட கூலி எங்கே போகிறது என்று பார்த்தால் புரிகிறது. ஜெனீவாவில் ஒருவர் ஆறு மாசம் உயிரோடு இருக்க ஆகும் செலவு ஆகத்தான் செய்யும். அமைப்பு ஒரு பங்கைக் கொடுக்கிறது. மீதியை யாரோ கொடுக்கிறார்கள். டெல்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் போகிற பிள்ளைகளுக்கு அப்பா கொடுக்கிறார். அவருக்கு அது கைச்செலவு. ஆறு மாசம் கழித்து அந்தப் பிள்ளையின் கையில் அனுபவச் சான்றிதழ், அடுத்து ஒரு வேலை, பத்து வருசத்தில் அதிகாரி. நம்மைப் பற்றி ஐ.நா.வில் பேசுகிறவர்கள் ஏன் பெரும்பாலும் நம்மவர்களாக இல்லை என்பதற்குத் திறமை, இங்கிலீஷ் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். அதற்கும் முன்னால் இருக்கிற முதல் வாசல் இதுதான். உள்ளே வராதே என்று யாரும் சொல்வதில்லை. ஆறு மாசம் சும்மா இருக்க முடிந்தவர்கள் வரலாம் என்கிறார்கள்.

2015இல் ஐ.நா.வில் சம்பளம் இல்லாத பயிற்சிக்கு வந்த 22 வயது நியூசிலாந்து இளைஞர் ஒருவர் ஜெனீவா ஏரிக்கரையில் சின்னக் கூடாரம் போட்டுத் தங்கினார். பத்திரிகைகளெல்லாம் எழுதின. கவனத்தை இழுக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று அவரே பிறகு சொன்னார். நல்ல காரியம்தான். உலகம் அதிர்ச்சியடைந்தது. கரும்பு வெட்டப் போய் வயல் ஓரத்தில் சாக்கை விரித்துப் படுக்கிற நம் பிள்ளைகளைப் பார்த்து அதிர்ச்சியடைய இன்னும் நேரம் வரவில்லை போலும்.

அரசாங்கம் உதவாதா என்று கேட்பீர்கள். தலித் மாணவர்கள் வெளிநாடு போய்ப் படிக்க மத்திய அரசின் உதவித்தொகை 1950களிலிருந்து இருக்கிறது. அது பட்டப்படிப்புக்கு. இந்த மாதிரிப் பயிற்சிக்கு இல்லை. அதிலும் 2022இல் விதியை மாற்றி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு வெளிநாட்டில் படிக்கப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சாதியைப் பற்றி வெளியே போய் ஆராய அரசுப் பணம் இல்லை. காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

என் விஷயத்தில் மீதியை யார் கொடுப்பது? கணக்குப் போட்டேன். அங்கே படிக்கிற ஒரு தோழர், மலிவான அறையே எழுநூறு எண்ணூறு பிராங்க் என்று எழுதினார். மூன்று மாசத்துக்கு மேல் தங்கினால் காப்பீடு கட்டாயம். விமான டிக்கெட் வேறு. இங்கே பள்ளிக்கூடத்தில் ஆறு மாச லீவு தர மாட்டார்கள், வேலை போய்விடும். வீட்டுக்கு வருகிற பதினாலாயிரம் நிற்கும், ஆறு மாசத்துக்கு எண்பத்து நாலாயிரம். எப்படிக் கூட்டினாலும் மூன்று லட்சம் இடித்தது.

காலனியில் கூடிப் பேசினார்கள். எனக்குத் தெரியாமல்தான் பேசினார்கள். தலைக்கட்டுக்கு ஐநூறு வசூல் பண்ணித் தருவதாக வந்து சொன்னார்கள். “நம்ம பொண்ணு போவுது, நாம குடுக்காம யாரு குடுப்பா?” என்றார் நாட்டாமை மாமா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்த பிறகு யோசித்தால், நூற்றிருபது வீட்டுச் சனம் நாள் கூலியில் ஒதுக்கி, ஜெனீவாவில் இருக்கிற ஒரு அமைப்பு கொடுக்காமல் விட்ட சம்பளத்தைக் கட்டப் போகிறது. ஒரு காலனி சுவிட்சர்லாந்துக்கு மானியம் கொடுக்கிறது! மாமாவிடம் வேண்டாம் என்றேன். அவருக்கு வருத்தம்தான். கொடுக்கிற கையைத் தட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். இன்னும் சரியாகப் பேசவில்லை.

பிறகு தம்பி வந்தான். “அக்கா, நான் ஒரு வருசம் படிப்ப நிறுத்திட்டு வேலைக்குப் போறேன். நீ போய்ட்டு வா.”

இங்கே நான் பாபாசாகேப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை மாசம் பதினொன்றரை பவுண்டு. மூன்று வருசத்துக்கு. திரும்பி வந்து பத்து வருசம் பரோடாவில் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் நியூயார்க் போனார். லண்டனில் பாதியில் விட்ட படிப்பை முடிக்க 1920இல் மறுபடி போனபோது சொந்தச் சேமிப்பு, கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன். வயிற்றைக் கட்டிப் படித்தார் என்று நாம் மேடையில் சொல்கிறோம், கைதட்டு வாங்குகிறோம். போ என்று சொல்கிற கட்சிக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. ஆனால் பம்பாயில் வயிற்றைக் கட்டியது யார்? ரமாபாய். பெற்ற ஐந்து பிள்ளைகளில் நாலைச் சின்னதிலேயே பறிகொடுத்த ரமாபாய். 1935 மே 27 அன்று அவர் இறந்தார். 1940இல் பாகிஸ்தானைப் பற்றிய தன் புத்தகத்தை பாபாசாகேப் ரமாபாயின் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார். மீதியை யார் கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் மேடையில் சொல்வதில்லை.

பெண்ணாக இருப்பதால் எனக்கு இது வேறு மாதிரிப் படுகிறது. எங்கள் வீட்டில் மீதியைக் கொடுக்கிறவள் நான். தம்பியின் படிப்புக்கு நான்தான் ரமாபாய். நம் இயக்கத்திலும் அதுதான். மாநாடு என்றால் ராத்திரி இரண்டு மணி வரை அடுப்படியில் நின்று ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்கிற பெண்களுக்குக் கூலியும் இல்லை, மேடையும் இல்லை. அதைத் தியாகம் என்போம். (இந்தக் கட்டுரைக்கும் கூலி இல்லை. ஆசிரியர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவரும் சொந்தக் காசைப் போட்டுத்தான் அச்சடிக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.) ஜெனீவாக்காரர்களைக் கேட்கிற கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்ளாவிட்டால் அது நியாயம் இல்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்காக ஒரு ஆம்பளை மீதியைக் கொடுக்க முன்வருகிறான், அதுவும் இருபது வயசுப் பையன். ஒரு நிமிசம், இருக்கட்டுமே, இதுவரைக்கும் நான் கொடுத்தேன், இப்போது அவன் கொடுக்கட்டும் என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், தோன்றியது. ஆனால் ஒரு வருசம் நிறுத்துகிறேன் என்று போன எங்கள் காலனிப் பையன்களில் திரும்பி வந்து படித்தவன் ஒருத்தனை எனக்குத் தெரியாது. ஓசூர் கம்பெனியிலோ திருப்பூரிலோ அந்த ஒரு வருசம் பத்து வருசமாகிவிடும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா கடைசியில்தான் வாயைத் திறந்தது. “நீ அவங்ககிட்ட கூலி பேசுனியா?”

நான் முழித்தேன். “இதுல எல்லாம் பேச முடியாதும்மா. அவங்க குடுக்குறதுதான்.”

“பேசாம எப்படி வேலைக்கு எறங்குறது? களையெடுக்கப் போனாலே வரப்புல நின்னு பேசிட்டுத்தான் எறங்குவோம். இவ்ளோ படிச்சிட்டு வாயில்லையா உனக்கு?”

இருந்த வாய் படித்த பிறகுதான் போனது என்று நினைக்கிறேன். பணத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று எனக்கு எப்போது, யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கல்லூரியிலா, கூட்டங்களிலா, ‘சேவை மனப்பான்மை’ என்று எழுதிய பள்ளிக்கூடச் சுவரிலா? கூலி கேட்பது கேவலம் என்பது கூலி கேட்கத் தேவையில்லாதவர்களின் நாகரிகம். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரை உயிரோடு கொளுத்தினார்களே, அரைப்படி நெல் கூடக் கேட்டதில் ஆரம்பித்ததுதானே அது? அந்த வழியில் வந்தவள், ஜெனீவாவுக்கு ஒரு கடிதத்தில் “ஐயா, இது காணாது” என்று எழுதக் கூச்சப்பட்டுக்கொண்டு, மூன்று வாரமாக வெட்டி, மானம், பாபாசாகேப் என்று தத்துவம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுதினேன். அறை வாடகை, சாப்பாடு, காப்பீடு, டிக்கெட், வீட்டுக்கு நின்றுபோகும் பதினாலாயிரம், எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு, இவ்வளவு வேண்டும், இல்லாவிட்டால் மீதியை என் தம்பியின் படிப்புதான் கட்ட வேண்டும் என்று. தோழர் இங்கிலீஷில் பெயர்த்தார். பெயர்க்கும்போது “இவ்வளவு பச்சையா எழுதணுமா?” என்றார். எழுதுங்க என்றேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ரொம்ப மரியாதையான பதில். டிக்கெட் செலவை அவர்கள் ஏற்றுக்கொள்வதாகவும், மாசப் பணத்தைக் கூட்ட வரவுசெலவுத் திட்டத்தில் இடமில்லை என்றும், அதற்காக வருந்துவதாகவும் இருந்தது. கடைசியில் ஒரு வரி. இதுவரை வந்த பயிற்சியாளர்கள் யாரும் இப்படிக் கேட்டதில்லையாம். குற்றம் சொல்கிற தொனியில் இல்லை, ஆச்சரியமாகத்தான் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியில் அதுவரை அங்கே போனவர்கள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

டிக்கெட் கழிந்தாலும் இரண்டு லட்சத்துக்கு மேல் இடித்தது. நான் வரவில்லை என்று எழுதிவிட்டேன். அப்பா சொன்ன மாதிரி, வழியை யாரும் அடைக்கவில்லை.

ஆனால் சும்மாவும் இருக்க முடியவில்லை. அந்த நாற்காலியில் இந்நேரம் வேறு யாராவது உட்கார்ந்திருக்கலாம். நல்ல இங்கிலீஷில், செங்கல் சூளையைப் பார்க்காமலே, நான் எழுதிய வாக்குமூலத்தை வைத்தே அறிக்கை தயாராகலாம். போயிருந்தால் பன்னிரண்டு வருசத்தில் கற்காததை ஆறு மாசத்தில் கற்றிருப்பேன் என்பதும் உண்மை. போன வாரம் ஒரு மாணவி, அப்பா அம்மா இருவரும் அரசு வேலை, நம்ம பொண்ணுதான், இதே மாதிரி ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது என்று கேட்டாள். போ என்றேன். மீதியைக் கொடுக்க வீட்டில் தெம்பு இருக்கிறது, போ, ஆனால் போவதற்கு முன்னால் கூலி பேசு, கிடைக்காவிட்டாலும் பேசு என்றேன். உங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மாமா பேசவில்லை என்றேனே, தம்பியும் இரண்டு நாள் பேசவில்லை. தன்னை நம்பவில்லை என்று கோபம். ஐந்தாவது செமஸ்டர் பீஸ் கட்டியாகிவிட்டது.

ஜெனீவாவிலிருந்து நேற்று மறுபடி கடிதம். நான் வர முடியாததில் அவர்களுக்கு மிகுந்த வருத்தம். இங்கிருந்தபடியே வாக்குமூலங்களைத் தொடர்ந்து எழுதி அனுப்ப முடியுமா, தன்னார்வத் தொண்டாக, என்று கேட்டிருக்கிறார்கள். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் எழுதினேன். ஊருக்குப் போய்வரும் செலவு தனி, எழுதும் கூலி தனி, பக்கத்துக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறேன். சொல்கிறவர்களுக்கு ஒரு நாள் கூலி நின்றுபோகிறதே, அதையும் சேர்க்கச் சொன்னது அம்மா. சேர்த்திருக்கிறேன். பதில் வரவில்லை.